நாய்க்குச் சைவ உணவு மட்டும் கொடுக்கலாமா?

"வீட்டில் எல்லோரும் அசைவத்தை விட்டுவிட்டோம். மூன்று வயது லாப்ரடார் ஒன்று இருக்கிறது, முப்பது கிலோ. அதற்காக மட்டும் இறைச்சி வாங்கிச் சமைக்க மனம் ஒப்பவில்லை. நாயைச் சைவமாக்குவது கொடுமை என்று நண்பர் ஒருவர் சண்டைக்கு வருகிறார். நாய் எதைப் போட்டாலும் தின்று வாழும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?" இதுதான் கேள்வி.

கொடுக்கலாம். ஆனால் அந்தக் 'கலாம்' ஒரு கணக்கின் மேல் நிற்கிறது. கணக்கைப் போட்டது யார் என்று தெரியாமல் கிண்ணத்தை நிரப்பினால், சைவமானாலும் சரி, அசைவமானாலும் சரி, கஷ்டப்படப் போவது நாய்தான். செல்லப்பிராணிகளின் உணவு பற்றி ஆலோசனை சொல்வது என் வேலை. இந்தக் கேள்வியோடு வருபவர்களில் பெரும்பாலோர் பதிலை முன்பே முடிவு செய்துவிட்டு, நான் தலையாட்ட வேண்டும் என்பதற்காகத்தான் வருவார்கள். நீங்கள் இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நண்பரின் வாதம். நாய் ஓநாயின் வாரிசு, ஓநாய் கறி தின்னும், ஆகவே நாய்க்கும் கறிதான் என்பார். விலங்கியல் வகைப்பாட்டில் நாய் 'கார்னிவோரா' என்ற ஊனுண்ணி வரிசையில் இருப்பது உண்மை. ஆனால் நாள் முழுக்க மூங்கிலை மென்றுகொண்டிருக்கும் ராட்சத பாண்டாவும் அதே வரிசைதான். வரிசையின் பெயர் மூதாதை யார் என்று சொல்லும். இன்றைக்கு இந்த வயிற்றில் எது செரிக்கும் என்று சொல்லாது. நாயின் வாயைத் திறந்து பாருங்கள். வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். முன்னால் கிழிக்கும் கோரைப் பற்கள், அவற்றுக்குப் பின்னால் கத்தரிக்கோல் மாதிரி வெட்டும் பற்கள். இன்னும் உள்ளே போனால், அரைக்கத் தோதான தட்டைக் கடைவாய்ப் பற்களும் இருக்கும். பூனையின் வாயில் அந்த அரைக்கும் பற்கள் கிட்டத்தட்ட இல்லை.

பற்களைவிட வலுவான சாட்சி மரபணுவில் கிடைத்தது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சன் குழுவினர் 12 ஓநாய்களின் மரபணுத் தொகுதியையும் 60 நாய்களின் மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டு 2013-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதியைக் கணையத்தில் உண்டாக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு நகல் மட்டும்தான். நாய்களிடம் அது 4 முதல் 30 நகல் வரை இருந்தது. மனிதன் பயிர் செய்து தானியம் தின்னத் தொடங்கிய காலத்தில், அவன் மிச்சம் வைத்ததை நன்றாகச் செரித்த நாய்கள் தழைத்தன என்பதுதான் இதற்குத் தரப்படும் விளக்கம். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் ஆட்டு மந்தையைக் காத்த நாய்களுக்கு வாற்கோதுமை ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் போடச் சொல்லி எழுதிவைத்திருக்கிறார்கள். ஆக, நாய் தானியம் தின்பது பாக்கெட் தீவனக் கம்பெனிகள் கொண்டுவந்த பழக்கம் ஒன்றும் இல்லை. அதே சமயம், எல்லா நாயும் ஒரே மாதிரி என்றும் நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் டிங்கோவிடமும், பனிப்பிரதேசத்து ஹஸ்கியிடமும் இந்த நகல்கள் குறைவு. பயிர்த்தொழில் இல்லாத மக்களோடு வாழ்ந்த நாய்களுக்கு அவை தேவைப்படவில்லை.

சரி, அப்படியானால் இரண்டாமவர் சொன்னதுதான் சரியா? அதுவும் இல்லை. மாவுச்சத்தைச் செரிப்பது வேறு, மாவுச்சத்தை வைத்தே காலம் தள்ளுவது வேறு. தெருவில் கிடைத்ததைத் தின்று உயிரோடு இருக்கும் நாயைக் காட்டி "பாருங்கள், நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். அந்த நாய் குப்பையில் எலும்பு பொறுக்குவதையும், எலி பிடிப்பதையும், அதன் ஆயுள் எத்தனை வருடம் என்பதையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாயின் உடம்பு கேட்பது சில சத்துகளை. அவை இறைச்சியில் வந்தனவா, விதையில் வந்தனவா என்று செல்களுக்குத் தெரியாது. ஆனால் அவை ஒன்றுவிடாமல் வந்து சேர வேண்டும். புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில், நாயால் தானே செய்துகொள்ள முடியாதவை பத்து. அவற்றோடு கால்சியம், துத்தநாகம், வைட்டமின் பி12, வைட்டமின் டி என்று பட்டியல் நீளும். இங்கே நாய்க்குப் பூனையைவிட நல்ல அதிர்ஷ்டம். கேரட்டின் பீட்டா கரோட்டினிலிருந்து வைட்டமின் ஏ-யைச் செய்துகொள்ள நாயால் முடியும், பூனையால் முடியாது. தாவர எண்ணெயில் உள்ள லினோலிக் அமிலத்திலிருந்து அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை நாய் செய்துகொள்ளும். பூனைக்கு அது உணவிலேயே வர வேண்டும். இதயத்தசைக்குத் தேவையான டாரின் என்ற பொருளையும் நாய் மெத்தியோனின், சிஸ்டைன் என்ற அமினோ அமிலங்களிலிருந்து தயாரித்துக்கொள்ளும். அதனால்தான் நாயைப் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்கவே முடிகிறது.

நாய்க்கும் சில கதவுகள் மூடித்தான் இருக்கின்றன. நம்மைப் போல வெயிலில் நின்று தோலில் வைட்டமின் டி-யைப் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ள நாயால் முடியாது. பால்கனியில் நாள் முழுக்கப் படுத்திருந்தாலும் அது உணவில் வந்தாக வேண்டும். பி12 எந்தச் செடியிலும் நம்பத்தக்க அளவில் இல்லை. இரண்டையும் தனியே சேர்க்க முடியும். பி12-ஐ நுண்ணுயிர்களை வளர்த்தே தயாரிக்கிறார்கள். வைட்டமின் டி3 பெரும்பாலும் செம்மறி ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து வருகிறது, லைக்கனிலிருந்தும் எடுக்கிறார்கள். பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாத முழு வீகனாக இருக்க விரும்புகிறவர்கள் அந்த வித்தியாசத்தைக் கவனிப்பார்கள்.

வீட்டுச் சமையலுக்கு வருவோம். என்னிடம் வருபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் சறுக்குவது இங்கேதான். "சோறும் பருப்பும் குழைய வேகவைத்து, கேரட் போட்டுத் தருகிறேன், நாய் தட்டை நக்கிக் காலி செய்கிறது" என்பார்கள். சரி, உங்கள் முப்பது கிலோ லாப்ரடாருக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதற்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 1,400 கலோரி வேண்டும். 600 கிராம் சோறும் 550 கிராம் வெந்த மசூர் பருப்பும் போட்டால் கலோரி சரியாக வந்துவிடும். புரதம் சுமார் 66 கிராம். அமெரிக்காவில் விலங்குத் தீவனத்துக்கு அளவுகோல் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு வளர்ந்த நாய்க்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு 1,000 கலோரிக்கு 45 கிராம். இந்தக் கணக்குக்கு 63 கிராம். அட, தேறிவிட்டதே என்று தோன்றும்.

இப்போது அந்தப் புரதத்தைப் பிரித்துப் பாருங்கள். மெத்தியோனின் 1.2 கிராம் அளவுக்கு வேண்டும். இந்தத் தட்டில் இருப்பது 0.8 கிராம். மூன்றில் ஒரு பங்கு துண்டு விழுகிறது. பருப்பில் எப்போதும் குறைவது மெத்தியோனின்தான். சோற்றில் அது கொஞ்சம் மேல் என்றாலும், சோற்றில் மொத்தப் புரதமே சொற்பம். டாரினை நாய் இந்த மெத்தியோனினிலிருந்துதான் செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும். கால்சியம் இன்னும் மோசம். வேண்டியது சுமார் 1,750 மில்லிகிராம். தட்டில் இருப்பது 170-ஐத் தாண்டாது, பத்தில் ஒரு பங்கு. பாஸ்பரஸ் மட்டும் 1,200-க்கு மேல் நிற்கிறது. கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையக் கூடாது என்பது விதி. இங்கே ஒன்றுக்கு ஏழு என்று தலைகீழாகக் கிடக்கிறது. போதாததற்குப் பருப்பிலும் தானியத்திலும் உள்ள பைட்டேட் என்ற பொருள், இருக்கிற துத்தநாகத்தையும் கட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். கேரட் இதில் எதையும் சரிசெய்யாது.

நாய் தட்டை நக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை. லாப்ரடார் விஷயத்தில் அதை ஒரு சாட்சியாகவே எடுக்காதீர்கள். இந்த இனத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்தது என்ற செய்தியை மூளைக்குச் சொல்லும் பிஓஎம்சி மரபணுவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டுபிடித்தது. அதற்கு அட்டைப்பெட்டியைக் கொடுத்தாலும் யோசிக்காமல் தின்னும்.

இதெல்லாம் சைவத்துக்கு எதிரான வாதம் என்று உங்கள் நண்பர் குதிக்க வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாலு மாதம். முன்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் வளைந்து, பாதம் தட்டையாக விரிந்து, நிற்க வைத்தால் ஐந்து வினாடியில் உட்கார்ந்துவிடும். முதுகைத் தொட்டால் அழுதது. எக்ஸ்ரேயில் எலும்புக்கும் சுற்றியிருந்த சதைக்கும் நிற வித்தியாசமே சரியாகத் தெரியவில்லை. "என்ன கொடுக்கிறீர்கள்?" என்றால், வளர்த்தவர் பெருமையாகச் சொன்னார்: "சோறெல்லாம் போடுவதே இல்லை. சுத்தமான கறி மட்டும். எலும்பு தொண்டையில் மாட்டும் என்று அதையும் எடுத்துவிடுவேன்." வெறும் தசையில் கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் இருபது பங்கு வரை இருக்கும். இரத்தத்தில் கால்சியம் குறையக் குறைய, உடம்பு அதை எலும்பிலிருந்து கரைத்து எடுத்துக்கொள்கிறது. அந்தக் குட்டி தன் எலும்பைத் தானே தின்றுகொண்டிருந்தது. உணவை மாற்றி, கூண்டில் ஓய்வு கொடுத்து, சில மாதத்தில் எழுந்து நடந்தது. முன்னங்காலில் ஒரு கோணல் மட்டும் கடைசிவரை நின்றுவிட்டது. அந்த வீட்டில் குறைந்தது கறி இல்லை, கணக்கு.

வீட்டுச் செய்முறைகளின் நிலை பொதுவாகவே அப்படித்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நூல்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துச் சோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். 190 குறிப்புகளில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்தாவது குறைந்தது. அவற்றில் பெரும்பாலானவை இறைச்சி சேர்ந்த குறிப்புகள்தான். ஆகவே வீட்டிலேயே சமைத்துச் சைவம் போடுவதானால், விலங்கு ஊட்டச்சத்தில் தனிப் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் உங்கள் நாய்க்கென்று எழுதிக்கொடுத்த செய்முறை வேண்டும். தராசு வைத்து நிறுத்துப் போட வேண்டும். அவர் சொன்ன சத்துப்பொடி தீர்ந்த அன்று "இன்றைக்கு ஒருநாள் பரவாயில்லை" என்று விடலாம், ஒரு மாதம் விடக் கூடாது. இரண்டு வாரத்தில் அலுப்புத் தட்டி கைக்கணக்குக்கு வந்துவிடுவோம் என்று தோன்றினால் பாக்கெட் உணவுக்குப் போய்விடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பாக்கெட் என்றவுடன் பிரச்சினை தீர்ந்தது என்றும் இல்லை. 24 சைவத் தீவனங்களைச் சோதித்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு ஆய்வொன்றில் ஆறு தீவனங்களில் ஏதோ ஓர் அமினோ அமிலம் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தது. பதினெட்டு தேறின என்றும் படிக்கலாம், நாலில் ஒன்று தவறியது என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது விதமாகப் படிப்பவன். லேபிளில் பச்சை இலைப் படத்தைப் பார்க்காதீர்கள். 'முழுமையான, சமச்சீரான உணவு' என்ற வாசகம் இருக்கிறதா, எந்த வயது நாய்க்கு என்று எழுதியிருக்கிறதா, எந்த அளவுகோலின்படி என்று சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். 'துணை உணவு', 'தின்பண்டம்' என்று இருந்தால் அது முழுச் சாப்பாட்டுக்கு ஆகாது. ஈர உணவின் லேபிளில் புரதம் 6 சதவீதம் என்று பார்த்துவிட்டு மிரள வேண்டாம். அதில் 75 சதவீதம் தண்ணீர். மீதி 25-இல் 6 என்றால் உலர்நிலையில் 24 சதவீதம். வளர்ந்த நாய்க்கு ஆஃப்கோ கேட்கும் குறைந்தபட்சம் 18. அப்புறம், கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள். செய்முறையை வகுத்தவர் யார், அவர் படித்தது என்ன, தயாரித்த பிறகு அமினோ அமிலங்களை ஆய்வகத்தில் அளக்கிறீர்களா என்று மூன்றே கேள்வி. ஒழுங்கான கம்பெனி ஒழுங்காகப் பதில் சொல்லும். "எங்கள் தயாரிப்பு இயற்கையானது, அன்போடு செய்யப்படுவது" என்று பதில் வந்தால் அடுத்த பாக்கெட்டுக்கு நகர்ந்துவிடுங்கள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? எனக்குப் பிடித்தது பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் ஹஸ்கிகளை வைத்துச் செய்தது. 12 சைபீரியன் ஹஸ்கிகள், 16 வாரம், அதில் 10 வாரம் பந்தய ஓட்டம். பாதி நாய்களுக்கு இறைச்சித் தீவனம், பாதிக்குச் சோயாவும் மக்காச்சோளப் புரதமும் சேர்த்த இறைச்சியில்லாத தீவனம். இரண்டு கூட்டமும் நல்ல உடல்நிலையில் ஓடின, எதற்கும் இரத்தசோகை வரவில்லை. 2009-இல் வெளியானது. மாவுச்சத்து மரபணு குறைவு என்று மேலே சொன்ன அதே ஹஸ்கி இனம் என்பதையும் கவனியுங்கள். 2022-இல் கால்நடை மருத்துவப் பேராசிரியர் ஆண்ட்ரூ நைட் குழு 2,536 நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டு எழுதியது. வீகன் உணவு தின்ற நாய்கள் பிற நாய்களைவிட ஆரோக்கியத்தில் குறையவில்லை என்று அதில் வந்தது. இதைச் சைவ ஆதரவாளர்கள் கொடி மாதிரி தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆனால் அது நாயைச் சோதித்த ஆய்வு இல்லை, வளர்த்தவர் சொன்னதைத் தொகுத்தது. ஆசைப்பட்டுக் கொடுத்தவர் தன் நாய் நோயாளி என்று எளிதில் சொல்வாரா? 2024-இல் 15 நாய்களுக்கு ஒரு வருடம் முழுக்கத் தாவரத் தீவனம் கொடுத்து இரத்தத்தையும் இதயத்தின் குறியீடுகளையும் அளந்தார்கள். அவை நல்ல நிலையில் இருந்தன. ஆனால் பதினைந்தே நாய்கள். ஒப்பிட வேறு கூட்டமும் இல்லை. அதே ஆண்டு பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சங்கம் நாய்களுக்கு வீகன் உணவு கூடாது என்ற தன் பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், சரியாகத் தயாரித்த தாவர உணவால் வளர்ந்த நாய்க்குக் கேடு வந்ததாகக் காட்டும் சான்று மெலிந்ததுதான். பத்து வருடம் அதையே தின்ற நாய்களைக் கூடவே இருந்து அளந்து, ஒன்றும் ஆகாது என்று அடித்துச் சொல்லும் சான்றும் அதே அளவு மெலிந்தது.

எனக்கு உள்ளபடியே கவலை தருவது இதயம். 2018 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, நாய்களுக்கு வரும் டைலேட்டட் கார்டியோமயோபதி என்ற இதயத்தசை நோய் பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்த நோயில் இதயத்தின் சுவர் மெலிந்து, அறை பலூன் மாதிரி விரிந்து, இரத்தத்தை அழுத்தித் தள்ள முடியாமல் போகும். டாபர்மேன் மாதிரி பெரிய இனங்களுக்குப் பரம்பரையாக வருவது. ஆனால் அப்படிப் பரம்பரை இல்லாத இனங்களிலிருந்தும் புகார்கள் வந்தன. அவற்றில் பல நாய்கள் தின்றது தானியம் நீக்கிய, பட்டாணியும் பருப்பும் உருளைக்கிழங்கும் முதன்மையாக உள்ள தீவனம். கவனியுங்கள், அவற்றில் பெரும்பாலானவை இறைச்சித் தீவனங்கள்தான். பட்டாணி அதில் நிரப்பும் பொருளாக இருந்தது. காரணம் இதுதான் என்று நிறுவப்படவில்லை. 2022 டிசம்பரில், புதிதாகச் சொல்ல ஏதும் வரும்வரை அறிவிப்புகளை நிறுத்துவதாக எஃப்டிஏ சொல்லிவிட்டது.

ஏன் கவலை என்றால், பித்த அமிலங்களை வேறொரு பொருளோடு இணைத்து வெளியேற்ற நாய் டாரினை மட்டுமே பயன்படுத்துகிறது. மனிதரிடம் கிளைசின் என்ற மாற்று வழி உண்டு, நாய்க்கு இல்லை. நார்ச்சத்து அதிகமான உணவு பித்தத்தைப் பிடித்து மலத்தோடு கொண்டுபோகும்போது டாரினும் கூடவே போகும். வரவில் மெத்தியோனின் குறைவு, செலவில் டாரின் அதிகம் என்றால் கையிருப்பு எத்தனை நாள் தாங்கும்? கோல்டன் ரிட்ரீவர், அமெரிக்கன் காக்கர் ஸ்பேனியல், நியூஃபவுண்ட்லாந்து இனங்களில் டாரின் குறைபாடு முன்பே பதிவாகியிருக்கிறது. ஆட்டிறைச்சியும் அரிசியும் கலந்த தீவனத்திலும் வந்திருக்கிறது. அதனால் சைவத் தீவனம் தேர்ந்தெடுக்கும்போது மெத்தியோனினும் டாரினும் தனியாகச் சேர்த்ததா என்று மூலப்பொருள் பட்டியலில் தேடுங்கள். பட்டியலின் முதல் நாலைந்து இடத்தையும் பட்டாணி மாவு, பட்டாணிப் புரதம், பட்டாணி நார் என்று ஒரே பட்டாணி வேறுவேறு பெயரில் பிடித்திருந்தால் நான் வாங்க மாட்டேன். சோயாவும் தானியமும் சேர்ந்தது மேல். மேலே சொன்ன இனங்களாக இருந்தால், மாற்றி ஆறு மாதத்தில் இரத்தத்தில் டாரின் அளவையும், முடிந்தால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் பார்த்துவிடச் சொல்வேன்.

முட்டை கொடுப்பீர்களா? உங்கள் கேள்வியில் அது தெளிவாக இல்லை. முட்டைக்கு உங்கள் மனம் இடம் கொடுத்தால் மேலே எழுதிய தலைவலியில் பாதி குறைந்துவிடும். மெத்தியோனின், பி12, வைட்டமின் டி மூன்றும் அதில் உண்டு, புரதத்தின் தரத்துக்கு மற்றதை அளக்கும் கோலாக வைப்பதே முட்டையைத்தான். வேகவைத்துக் கொடுங்கள். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின், பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிப்போடும். ஓட்டை எறிந்துவிட்டால் கால்சியம் கணக்கு அப்படியேதான் நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். வீகனும் முட்டை சேர்ந்த சைவமும் நாயின் உடம்புக்கு இரண்டு வேறு ஊர்கள். விவாதங்களில் இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள்.

மருத்துவரே இறைச்சியைக் குறைக்கச் சொல்லும் நாய்களும் உண்டு. டால்மேஷியன் இனத்துக்கு மரபணுக் கோளாறால் சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகம் இறங்கி கல் கட்டும். உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் மிகுந்த உறுப்பிறைச்சி அதற்கு ஆகாது. முட்டை, பால் புரதம் மாதிரியானவை ஒத்துப்போகும். பிறவியிலேயே கல்லீரலுக்குப் போகும் இரத்தக்குழாய் வழிமாறிய நாய்களில், புரதக் கழிவு கல்லீரலில் வடிகட்டப்படாமல் மூளைக்குப் போய்விடும்; அவற்றுக்குச் சோயாப் புரதமும் பால் புரதமும் இறைச்சியைவிட மூளையைக் குறைவாகத் தொந்தரவு செய்கின்றன. உணவு ஒவ்வாமையால் சொறிந்து சொறிந்து புண்ணான நாய்களைச் சோதித்தால் குற்றவாளிப் பட்டியலில் முதலில் நிற்பது மாட்டிறைச்சி, அடுத்துப் பால், கோழி, கோதுமை. நொதியால் உடைத்த சோயாப் புரதத் தீவனத்தை மருத்துவர்கள் அதற்காகவே எழுதிக்கொடுக்கிறார்கள். அந்த நாய்கள் அதைத் தின்று வருடக்கணக்கில் வாழ்கின்றன. "சைவம் என்றாலே கொடுமை" என்பவருக்கு நான் இந்த நாய்களைத்தான் காட்டுவேன்.

குட்டிகளுக்கு வேண்டாம். கருவுற்ற நாய்க்கும் பால் கொடுக்கும் நாய்க்கும் வேண்டாம். வளர்ச்சிக் காலத்தில் பிசகினால் திருத்த நேரமே கிடைக்காது. அந்த ஷெப்பர்ட் குட்டியின் கால் மாதிரி, தவறு உடம்பிலேயே தங்கிவிடும். உங்களுடையது மூன்று வயது, நல்ல வேளை.

மாற்றும் விதம் எளிதுதான். பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விகிதத்தை மாற்றுங்கள். முதல் வாரம் மலம் அதிகமாகவும் தளர்வாகவும் போகும், காற்றும் பிரியும். சுற்றியிருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நாய் ருசியைவிட வாசனையால்தான் சாப்பிடுகிறது. உலர் தீவனத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்தால் வாசம் எழும்பும். ஒரு ஸ்பேனியல் பழைய தீவனத்தில் கலந்த சோயாத் துண்டுகளை ஒவ்வொன்றாக வாயிலெடுத்து, சாறை மட்டும் உறிஞ்சி, கிண்ணத்தைச் சுற்றி வரிசையாக வைத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு துண்டு, ஒன்றில்கூடப் பல் படவில்லை. அப்படி அடம் பிடிக்கும் நாயை "பசித்தால் தின்னும்" என்று பட்டினி போடாதீர்கள். அதற்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வேறு தீவனம் பாருங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால் திரும்பிப் போக உங்களுக்கு மனம் இருக்க வேண்டும்.

ருசிக்கு என்று வெங்காயம், பூண்டு தாளித்த எதையும் கலக்க வேண்டாம். அவை இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை, உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். இனிப்பூட்டியான சைலிட்டால் கொஞ்சம் போதும், உயிருக்கே ஆபத்து. சைவச் சமையலறையில் இவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பதால் சொல்கிறேன்.

தாவர உணவில் சிறுநீரின் காரத்தன்மை ஏறும், அதனால் கல் கட்ட வாய்ப்பு உண்டு. மாற்றிய சில வாரத்திலும் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள், குறிப்பாகப் பெண் நாயாக இருந்தால். ஹஸ்கி, மாலமூட் இன நாய்களை வளர்ப்பவர்கள் அவற்றின் வாய் ஓரத்திலும் கண்ணைச் சுற்றியும் தோல் தடித்து உரிகிறதா என்று பார்க்க வேண்டும், துத்தநாகம் எட்டவில்லை என்பதற்கு அது அடையாளம்.

தர்மம் அதர்மம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நண்பர் சொல்வது, நாயின் விருப்பத்தைக் கேட்காமல் உங்கள் கொள்கையைத் திணிக்கிறீர்கள் என்பது. நாயின் விருப்பத்தைக் கேட்டு நாம் எதைச் செய்கிறோம்? கழுத்தில் பட்டை, கருத்தடை, குளியல் எல்லாமே நம் முடிவுதான். கறித் தீவனம் வாங்குவதும் நம் முடிவு, அதற்காக வெட்டப்பட்ட விலங்கையும் யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் கால்நடை உற்பத்தியால் வரும் சுற்றுச்சூழல் சுமையில் 25 முதல் 30 சதவீதம் நாய், பூனைகளின் உணவுக்காக என்று 2017-இல் ஆய்வாளர் கிரெகரி ஓகின் கணக்கிட்டார். உங்கள் மனக்கலக்கம் அர்த்தமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கொள்கை உங்களுடையது, இரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தப்படுவது நாய்க்கு. அந்தச் செலவையும் அலைச்சலையும் ஏற்க முடியாது என்றால் நாய்க்கு மட்டும் கறித் தீவனப் பாக்கெட் வாங்கிவிடுங்கள். அதை அளந்து போடுவதால் உங்கள் சைவம் கெட்டுப்போகும் என்று நான் நினைக்கவில்லை.

செய்வதாக முடிவெடுத்தால், முதல் புதுக் கிண்ணம் வைக்கும் முன் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எடை, இரத்தப் பரிசோதனை முடிவு, மேலிருந்து பார்த்து எடுத்த ஒரு புகைப்படம். மூன்று மாதம் கழித்து அதே மூன்றையும் எடுத்து ஒப்பிடுங்கள். லாப்ரடார் என்பதால் மெலிவதைவிடக் குண்டாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. முடி மங்கினாலோ, நடையில் சோர்ந்து பாதியில் உட்கார்ந்தாலோ, படுத்திருக்கும்போது இருமினாலோ மூன்று மாதம் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

வீட்டில் பூனையும் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் அதன் கிண்ணத்தில் கை வைக்க வேண்டாம், நாயின் புது உணவை அது தின்னாதபடி தனியாக வையுங்கள்.